நோர்வே பணக்கார நாடானது எண்ணெயாலா? (கொஞ்சம் நீளும்)

ஜனவரி 12, 2025

சென்ற கிழமை ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணை, எண்ணெய் கிடைக்கும்வரை நோர்வே ஐரோப்பாவிலேயே வறிய மீன்பிடி நாடுதானே? எண்ணெய் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கும் வலை பின்னிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?”

பெரும்பாலும் சரி என்றுதான் நினைக்கிறேன். நான் 1987இல் வந்தவன். ஒரு வருடம் விடுதிப் பள்ளி, அப்புறம் வடகோடியில் வார்டோ என்ற தீவில் மீன் தொழிற்சாலை. அங்கே கண்ட கிழவர்கள் எல்லாரும் இதே கதையைத்தான் சொன்னார்கள்: உருளைக்கிழங்கு, மீன், கடன், கப்பலேறி அமெரிக்கா. 1825 தொடங்கி ஒரு நூறு வருடத்தில் எட்டு இலட்சம் பேர் அளவில் அமெரிக்கா போயிருக்கிறார்கள். நாட்டு நிலத்தில் பயிர் வைக்கக்கூடியது 3 சதவீதம் அளவுதான். மிச்சம் மலை, காடு, சதுப்பு, வெறும் பாறை. 1969 கடைசியில் வடகடலில் எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கண்டார்கள், 1971இல் எடுக்கத் தொடங்கினார்கள், எண்ணெய்க் காசை அரசு சேர்த்துவைக்கும் எண்ணெய் நிதியில் 2025 தொடக்கத்தில் கிட்டத்தட்ட 20 இலட்சம் கோடி குரோனர் கிடந்தது. 56 இலட்சம் சனத்துக்குப் பிரித்தால் பச்சைப் பிள்ளைக்கும் 35 இலட்சம்.

ஜனவரி 12, இரவு

பங்கை எப்போது கையில் தருவார்கள் என்று ஒருவர் கேட்கிறார். தரமாட்டார்கள். நீண்ட காலச் சராசரியில் வருடத்துக்கு நிதியின் 3 சதவீதம் அளவுக்கு மேல் அரசே தொடக்கூடாது என்பது அவர்களுடைய விதி, 2001இல் கொண்டுவந்தபோது 4 ஆக இருந்தது, 2017இல் 3 ஆக்கினார்கள். எனக்கு 35 இலட்சம் இருக்கிறது என்று நானும் வங்கியில் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள்.

ஜனவரி 14

முந்தநாள் எழுதியதில் ஒரு பிழை. பிழை என்றால் சின்னப் பிழை இல்லை, தம்பியின் கேள்வியின் அடிப்படையே அதில்தான் நிற்கிறது.

எண்ணெய்க்கு முன் நோர்வே “ஐரோப்பாவிலேயே வறிய நாடு” என்பது கதை. 1960களில் அது மேற்கு ஐரோப்பாவின் மற்ற நாடுகளோடு ஏறக்குறைய சமமாகத்தான் நின்றது. உலகத்தின் மிகப் பெரிய வணிகக் கப்பல் கூட்டங்களில் ஒன்று இவர்களுடையது, அலுமினியம் இருந்தது, உரம் இருந்தது, எல்லாருக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. நான் வார்டோக் கிழவர்களின் வாயைக் கேட்டு முழு நாட்டையும் எடைபோட்டுவிட்டேன். அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது வார்டோ இருக்கிற வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கின் கதை, அதுவும் போருக்குப் பிந்திய ஃபின்மார்க்.

1944 ஒக்டோபரில் சோவியத் படை கிழக்கிலிருந்து உள்ளே வந்தது. பின்வாங்கிய ஜெர்மன் படை போகிற வழியெல்லாம் வீடு, படகு, தந்திக்கம்பம், பாலம் என்று கொளுத்திக்கொண்டே போனது. 50,000 பேர் அளவில் பலவந்தமாகத் தெற்கே ஏற்றப்பட்டார்கள், போக மறுத்தவர்கள் அந்தக் குளிரில் குகைக்குள்ளும் கவிழ்த்த படகுக்குள்ளும் ஒளித்திருந்தார்கள். ஹம்மர்ஃபெஸ்ட் ஊரில் மயானத்துச் சிற்றாலயம் ஒன்றுதான் மிஞ்சியது. அதனால்தான் அந்தப் பக்கம் போனால் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: சதுரம், கூர்க்கூரை, சின்ன யன்னல். நான் வாடகைக்கு இருந்ததும் அப்படி ஒரு வீட்டின் மேல்மாடியில்தான். வீட்டுக்காரக் கிழவி ஒரு நாள் கோப்பி ஊற்றியபடி, “நீங்களும் ஊர் எரிந்துதானே வந்தீர்கள்” என்றா. அதற்குமேல் அவவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜனவரி 15

சரி, எண்ணெய்க்கு முந்திய காசு எங்கிருந்து வந்தது என்றால், தண்ணீரில் இருந்து.

மலை செங்குத்து, மழை தாராளம், மேலே ஏரிகள். மின்சாரம் என்று ஒன்று வந்ததும் அதுவரை படம் வரையத்தான் லாயக்கு என்றிருந்த அருவிகளுக்கு விலை வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் வந்து கமக்காரர்களிடம் அருவி வாங்கத் தொடங்கினார்கள். கமக்காரனுக்கு என்ன, விழுகிற தண்ணீருக்குக் காசு தருகிறான் விசரன் என்று விற்றுவிட்டான். 1905இல் சுவீடனிடமிருந்து பிரிந்த நாடு 1906இலேயே அவசரமாக ஒரு சட்டம் போட்டது. “பீதிச் சட்டம்” என்றே அதற்குப் பெயர். 1909இல் ஒழுங்கான சட்டம்: தனியார் அருவி வாங்கினால் உரிமம் எடுக்கவேண்டும், குறித்த காலம் முடிந்ததும் அருவியும் அணையும் எந்திரமும் ஒரு சதமும் இல்லாமல் அரசுக்குத் திரும்பவேண்டும். காலம் அதிகபட்சம் 80 வருடம், பிற்பாடு 60 ஆக்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள், நம்மூரில் 99 வருடக் குத்தகை என்றால் எல்லாரும் அது நிரந்தரம் என்றே நினைப்போம். இவர்கள் உண்மையிலேயே திரும்ப எடுத்தார்கள்.

1911இல் ர்யூக்கன் ஊருக்குப் பக்கத்தில் வேமூர்க் நிலையம் ஓடத் தொடங்கியபோது உலகத்திலேயே பெரிய மின்நிலையம் அதுதான். உரம் செய்யக் கட்டியது. பிறகு அங்கே கனநீர் (அணு ஆய்வுக்கு வேண்டிய ஒருவகைத் தண்ணீர்) எடுத்ததும், 1943 பெப்ரவரியில் நோர்வேப் பெடியள் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறிப் போய் அதை வெடி வைத்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை, விடுகிறேன்.

ஆகத் தம்பி, எண்ணெய் வந்தபோது இவர்கள் ஒன்றும் தெரியாத வலைகாரர் இல்லை. இயற்கை தருகிற பொருளை விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் அரசு எங்கே நிற்கவேண்டும் என்பதை அருவியில் அறுபது வருடம் பழகியிருந்தார்கள்.

ஜனவரி 20

இன்றைக்கு விஷயத்தை விட்டு விலகுகிறேன். வார்டோவில் சூரியன் வருகிற நாட்கள் இவை. நவம்பர் கடைசியில் போனது ஜனவரி 20 வாக்கில் திரும்பும், கோட்டை மதிலில் இருந்து முழுத் தட்டும் தெரிந்தால் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. முதல் வருடம் சத்தம் கேட்டு நாங்கள் மூன்று பேர் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்திவிட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரு பொருள்தான். கீழே போனால் கிழவி கேக் வைத்துக்கொண்டு நிற்கிறா.

வார்டோ இஸ்தான்புலுக்கும் கிழக்கே இருக்கிறது, ஆனால் மணிக்கூடு ஒஸ்லோவுடையது. நம்பாதவர்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: 31 பாகைக் கிழக்கு, இஸ்தான்புல் 29.

ஜனவரி 21

வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டவருக்கு நன்றி. இன்னொன்றும் பாருங்கள். நார்விக்குக்குத் தெற்கே த்யூஸ்ஃபியூர்டில் கடல்நீருக்கும் சுவீடன் எல்லைக்கும் இடையில் நாட்டின் அகலம் 6.3 கிலோமீற்றர்தான். ஒஸ்லோவில் இருந்து வடகிழக்கு மூலையில் இருக்கிற கிர்க்கனெஸ்ஸுக்குக் காரில் போகிறவன் சுவீடன், பின்லாந்து வழியாகத்தான் போவான், சொந்த நாட்டுக்குள்ளால் போனால் நாள் கூடும். இப்படிப்பட்ட நாட்டை 1893 தொடக்கம் ஒரு கப்பல் சேவைதான் கட்டி வைத்திருந்தது. ஹூர்த்திரூத்தன், விரைவுப் பாதை என்று பொருள். நானும் அதில்தான் வந்து இறங்கினேன், விரைவு ஒன்றும் தெரியவில்லை, வாந்திதான்.

ஜனவரி 23

மீன் தொழிற்சாலையில் என்ன வேலை என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

காலை 7 மணி. நீலக் கோட்டு, தலைக்கு வலை, காதுக்கு மூடி, பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை. எந்திரம் தோர்ஸ்க் மீனை (அதுதான் கோட்) தலை வேறு, முள் வேறு, தசை வேறாகத் துப்பும். தசைத் துண்டு அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசைக்கு வரும். விளக்கு எதற்கு என்றால் புழுவுக்கு. வெள்ளைத் தசைக்குள் சுருண்டு கிடக்கிற பழுப்புப் புழு அந்த வெளிச்சத்தில்தான் தெரியும், கத்தி நுனியால் கிண்டி எடுக்கவேண்டும். புழுவோடு துண்டு போனால் புள்ளி குறையும், புழு தேடித் தசையை வீணாக்கினாலும் புள்ளி குறையும். கூலி கிலோவுக்கும் புள்ளிக்கும் சேர்த்து. எனக்குப் பக்கத்தில் நின்ற ஃபின்மார்க் பெண் பேசிக்கொண்டே, தாளம் போட்டுக்கொண்டே, என்னைப் போல் இரண்டு மடங்கு வெட்டுவா. ஆறு மாதம் கழித்துத்தான் பார்த்தேன், அவ கத்தியை அசைப்பதே இல்லை, மற்றக் கையால் மீனைத்தான் அசைக்கிறா. அதன்பிறகு எனக்கும் தோள் நோவு போயிற்று.

தலைகள் எங்கே போகின்றன என்று கேட்டேன். கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து நைஜீரியாவுக்கு. நாங்கள் ஒரு பெட்டி தலை கேட்டபோது மேற்பார்வையாளர் பூனை வளர்க்கிறீர்களா என்றார். குழம்பு வைத்து ஒரு ஞாயிறு அவரைக் கூப்பிட்டோம். கண்ணால் தண்ணீர் ஓட ஓட இரண்டு தட்டுச் சாப்பிட்டார், அடுத்த கிழமை பெட்டி எங்கள் வாசலுக்கே வந்தது.

காய்ந்த மீனைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இவர்கள் உப்பே போடுவதில்லை. பெப்ரவரி தொடக்கம் மே வரை மரச்சட்டத்தில் வாலோடு வால் கட்டித் தொங்கவிடுவார்கள். உறைவுக்கும் உருகலுக்கும் நடுவில் நிற்கிற அந்தக் காற்று மட்டும் போதும், ஈ வருவதற்குள் விறகுக்கட்டை. லோஃபோத்தன் தீவுகளிலும் இதே முறைதான். நடுக்காலத்தில் இந்தக் கட்டையை வைத்துத்தான் பேர்கன் நகரம் கொழுத்தது. அங்கே 1360 வாக்கில் ஹன்சா என்ற கூட்டமைப்பின் ஜெர்மன் வணிகர் கடை போட்டு உட்கார்ந்து, வடக்கத்தி மீனுக்குத் தானியம் கொடுத்து, கடனும் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கணக்கை முடியவிடாமல் வைத்திருந்தார்கள்.

ஜனவரி 24

நோர்வேப் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சவர்க்காரம் என்று நினைத்துக் கை கழுவியது நீங்கள்தானா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, நான் இல்லை. அது என்னோடு இருந்தவன். இப்போது கனடாவில் இருக்கிறான், இதைப் படிக்கிறான்.

ஜனவரி 31

நேற்று சென்டர் கட்சி அரசை விட்டுப் போய்விட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சார விதிகளை ஏற்பதா என்ற சண்டை. வெளியில் இருக்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், மின்சார விதிக்கு ஒரு அரசு உடையுமா என்று. 15ஆம் திகதி எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அருவி இங்கே பாதி சாமி மாதிரி.

ஒன்றியத்தில் சேருவதா என்று 1972இல் கேட்டார்கள், 53.5 சதவீதம் வேண்டாம். 1994இல் திரும்பக் கேட்டார்கள், 52.2 வேண்டாம். ஆனால் கடலடியில் மின்கம்பி மட்டும் போட்டுவிட்டார்கள். 2021இல் ஜெர்மனிக்கு ஒன்று, பிரித்தானியாவுக்கு ஒன்று. அடுத்த வருடம் எரிவாயு விலை ஏற, தெற்கில் எங்கள் மின்விலையும் கூடவே ஏறியது. 2022 ஓகஸ்டில் வடக்கில் இருக்கிற நண்பன் என் பில்லைப் பார்த்துவிட்டு நான் வீட்டில் அலுமினியம் உருக்குகிறேனா என்று கேட்டான். வடக்கில் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட இல்லை, மலையைத் தாண்டிக் கொண்டுவரக் கம்பி போதாது. அதே சமயம் எரிவாயு விற்று அரசுக்கு வந்த காசு வரலாறு காணாதது. அந்த மாரியில் நான் வரவேற்பறைச் சூட்டை நிறுத்திவிட்டுக் குசினியில் கம்பளி போர்த்துக்கொண்டு இருந்தேன், 35 இலட்சத்தின் சொந்தக்காரன்.

பெப்ரவரி 3

“எண்ணெயை இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்க யார் சொல்லிக் கொடுத்தது” என்று கேட்டவருக்கு. ஒரு ஆள் இல்லை, ஆனால் ஒருவருடைய கதை எனக்குப் பிடிக்கும், காரணம் சொல்லத் தேவையில்லை.

ஃபாருக் அல்-காசிம். பஸ்ராக்காரர், ஈராக்கில் எண்ணெய்க் கம்பனியில் பெரிய வேலையில் இருந்த புவியியலாளர். மனைவி நோர்வேக்காரி. பிள்ளையின் வைத்தியத்துக்காக 1968 மே மாதம் குடும்பத்தோடு ஒஸ்லோ வந்து இறங்குகிறார். மனைவியின் ஊருக்குப் போகும் ரயில் பின்னேரம்தான். பொழுது போகவேண்டுமே என்று தொழில் அமைச்சுக்கு நடந்து போய், நாட்டில் எந்தெந்த எண்ணெய்க் கம்பனி இருக்கிறது, வேலை கேட்கலாமா என்று விசாரிக்கிறார். உள்ளே எண்ணெய்க்கென்று இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், மேசையில் துளைத்த கிணறுகளின் அறிக்கைகள், அதைப் படித்து விளங்கிக்கொள்ள ஆள் இல்லை. வேலை கேட்க வந்தவனையே பிடித்துக்கொண்டார்கள். அரசு எண்ணெய்க் கம்பனி எப்படி இருக்கவேண்டும், கண்காணிக்கும் அமைப்பு எப்படித் தனியாக இருக்கவேண்டும் என்பதை எழுதியதில் அவர் கை இருக்கிறது. 1972இல் இரண்டும் பிறந்தன.

அதற்குப் பத்து வருடத்துக்கு முன், 1958இல், நோர்வேயின் புவியியல் ஆய்வு நிறுவனம் எங்கள் கரையோரம் நிலக்கரி, எண்ணெய், கந்தகம் எதுவும் இருக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிடலாம் என்று கடிதம் கொடுத்திருந்தது. 1962இல் ஒரு அமெரிக்கக் கம்பனி மாதம் 1,60,000 டொலர் தருகிறோம், கடலடியைத் தேட விடுங்கள் என்று கேட்டது. அருவி வாங்க வந்தவன் ஞாபகம் வந்திருக்கவேண்டும். 1963 மே 31இல் கடலடி முழுக்க நோர்வே அரசுடையது என்று அறிவித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். இன்றைக்கும் எண்ணெய் இலாபத்தில் வரி 78 சதவீதம். கம்பனிகள் ஓடவில்லை.

பெப்ரவரி 9

வரலாறு பக்கம் நான் போகவே இல்லை என்று ஒரு ஆசிரியர் குறைப்படுகிறார். ஓட்டமாக: 1349இல் கொள்ளைநோய் வந்து நாட்டின் பாதியைத் தின்றது. 1380இல் டென்மார்க் மன்னனின் கீழ் போனது, 1814வரை அங்கேதான். அந்த வருடம் ஐட்ஸ்வோலில் கூடி அரசியலமைப்பு எழுதினார்கள், மே 17. ஆனாலும் சுவீடன் மன்னனின் கீழ் இன்னொரு 91 வருடம். 1905 வாக்கெடுப்பில் பிரிவதற்கு 3,68,208 பேர், வேண்டாம் என்று 184 பேர். அந்த 184 பேரும் யார் என்று அறிய எனக்கு ஆசை. பெண்களுக்கு வாக்கு இல்லை, அவர்கள் தனியாகக் கையெழுத்து வாங்கி இரண்டரை இலட்சம் அளவில் சேர்த்தார்கள்.

டேனிஷ் ஆட்சி விட்டுப்போன ஒன்று எழுத்துமொழி. அதைத் திருத்தி வந்தது ஒன்று, கிராமத்துப் பேச்சிலிருந்து கட்டியது இன்னொன்று, இரண்டும் அரசமொழி. பேச்சு ஊருக்கு ஊர் வேறு. நான் மொழி பழகியது மீன் மேசையில் என்பதால் “நான்” என்பதற்கு வடக்கத்தியார் மாதிரி “ஆ” என்பேன், ஒஸ்லோவில் “யாய்”. இங்கே முதல் நாள் வேலையில் வாய் திறந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கறுத்த முகத்துக்குள் இருந்து வார்டோ மீன்பிடிகாரன் பேசுகிறான். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறுகிற வடக்கத்திக் கிழவர்கள் என்னிடம் ஊர் எது என்று கேட்பார்கள், வார்டோ என்றால் சந்தேகமே இல்லாமல் தலையாட்டுவார்கள்.

பெப்ரவரி 16

இனித்தான் எனக்கு உண்மையில் எரிகிற இடம். ஒரு மாதமாக இவர்களை மெச்சிக்கொண்டு வந்தேன்: அருவியைக் காத்தார்கள், எண்ணெயைக் காத்தார்கள். மீன்?

1989 ஏப்ரல் 18. தோர்ஸ்க் இனம் அருகிவிட்டது, சின்னப் படகுகளுக்கும் பிடிப்பு நிறுத்தம். அடுத்த கிழமை எங்கள் கண்ணாடி மேசையின் விளக்கு எரியவில்லை. வேலை இல்லை, வீட்டில் இருங்கள், கூப்பிடுவோம் என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கூப்பிடுவதும் நிறுத்துவதுமாக இழுபட்டு, 1990 கோடையில் நான் தெற்கே வந்துவிட்டேன். எங்களில் கன பேர் அப்படித்தான் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

பிடிப்பை நிறுத்தியது சரி, அதில் எனக்கு வழக்கு இல்லை. மீன் திரும்ப வந்தது, 2013இல் ரஷ்யாவும் நோர்வேயும் பிரித்துக்கொண்ட அளவு பத்து இலட்சம் தொன். வழக்கு பங்கீட்டில். 1990 தொடக்கம் படகுக்கு இவ்வளவு என்று பங்கு கொடுத்தார்கள், இலவசமாக. 2000களில் ஒரு படகின் பங்கை இன்னொரு படகில் சேர்க்க இடம் கொடுத்தார்கள். படகை விற்கிறவன் பங்கையும் சேர்த்துத்தான் விலை சொல்வான். வசதியானவன் வாங்கினான், பங்கு ஊரை விட்டுப் போனது. கடல் மீன் நோர்வேச் சமுதாயத்துக்கு உரியது என்று 2008 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அருவிக்குப் போட்ட “காலம் முடிந்தால் அரசுக்குத் திரும்பத் தா” என்ற வரியை மீனுக்கு அப்படியே போடவில்லை, சேர்த்த பங்குக்குக் காலக்கெடு மட்டும் பிற்பாடு வைத்தார்கள். வார்டோவில் 1960களில் 4000 பேருக்கு மேல். இப்போது 2000 அளவில்.

பெப்ரவரி 17

நேற்றுக் கோபத்தில் எழுதியது. ஒரு சிநேகிதி, கடற்றொழில் படித்தவ, தனியாக எழுதித் திருத்தியிருக்கிறா. எல்லாப் படகுக்கும் ஒரே விதி இல்லையாம், மிகச் சிறிய படகுகளுக்குப் பங்கைச் சேர்க்கும் முறை கிடையாது. ஊர் காலியானதற்குப் பங்கு மட்டும் காரணம் இல்லை, எந்திரமும் காரணம், பிள்ளைகள் படிக்கப் போனதும் காரணம். சரி. வளர்ப்பு மீனுக்காவது விழித்துக்கொண்டார்களே என்றும் கேட்கிறா. ஓம், 2022 செப்டெம்பரில் சால்மன் மீன் பண்ணைகளுக்கு 40 சதவீத மேல்வரி என்று அறிவித்தார்கள், கரையோரம் முழுக்கக் கூச்சல், 25 ஆக்கி 2023இல் இருந்து கொண்டுவந்தார்கள்.

ஆனாலும் நேற்று எழுதியதை அழிக்கவில்லை.

மார்ச் 2

2025க்கான தோர்ஸ்க் ஒதுக்கீடு 3,40,000 தொன், 1991க்குப் பிறகு அதுவரை வந்ததில் மிகக் குறைவு. விலை ஏறிவிட்டது. நேற்றுக் கடைக்குப் போய்த் தலை இருக்கிறதா என்று கேட்டேன். பெடியன் தலை வருவதில்லை என்றான், பிறகு என் பேச்சைக் கேட்டுவிட்டு “நீங்கள் வடக்கோ?” என்றான். அவனுடைய அம்மம்மா வார்டோவாம். வியாழக்கிழமை தலையோடு ஒரு மீன் எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறான்.

நாளைக் காலை 5 மணிக்குப் பஸ் எடுக்கவேண்டும். டென்மார்க் பற்றிக் கேட்டவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.